பழைய கால்களுக்கு ஒரு புதிய மிதிவண்டி

“டாக்டர், நான் மறுபடியும் சைக்கிள் ஓட்டலாமா?”

எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர். உறையூரிலிருந்து பொன்மலைக்கு ஒரு காலத்தில் நாள்தோறும் மிதிவண்டியிலேயே சென்று வந்ததாகவும், மொபெட் வாங்கியபின் அதை விட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதாகவும் சொன்னார்.

உடன் வந்திருந்த அவருடைய மனைவி இடைமறித்தார்: “இந்த வயசுல எதுக்கு டாக்டர் சைக்கிள்? விழுந்து கிழுந்து வெச்சா யார் பார்க்கிறது? நீங்களே சொல்லுங்க.”

நாங்களும் அவ்வாறே சொன்னோம். “நடந்தால் போதும் ஐயா” என்று கூறி மருந்துச் சீட்டை நீட்டினோம். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

ஆறு மாதங்கள் கழித்து அவர் வந்தபோது எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் ஏறியிருந்தது. நடக்கவில்லையா என்று கேட்டோம். இரண்டு வாரம் நடந்ததாகவும், முழங்கால் வலி பொறுக்க முடியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு, உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும் மிதிவண்டிப் பயிற்சி நடையைவிட எளிதாக இருக்கக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியாத செய்தி அன்று. ஆனால் கேட்டவரிடம் அதைச் சொல்ல நாங்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. இக்கட்டுரை அந்தத் தவற்றிலிருந்து எழுந்தது.

நெடுங்காலம் விட்டுவிட்டு மிதிவண்டிக்குத் திரும்ப விரும்புகிறவரை மருத்துவரும் குடும்பத்தாரும் எடுத்த எடுப்பில் தடுத்துவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அவருடைய இன்றைய உடலுக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்க உதவ வேண்டும். அந்தத் தேர்வில் பாதி மருத்துவம் சார்ந்தது. அதைக் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவிடுவது சரியாகாது.

எங்களுக்கு நேர்ந்தது

அந்தப் பெரியவரின் கேள்வி எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் துறையில் நாற்பதைக் கடந்தவர்கள் மூவர். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள்; மேற்படிப்பு முடிந்து காரில் ஏறியபின் மிதிவண்டியைத் தொடாதவர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலை நோயாளிகளுக்கு நாள்தோறும் எடுத்துச் சொல்கிறோம். நாங்கள் மூவரும் அதைக் கடைப்பிடிக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தபோது தலைகுனிய நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மிதிவண்டி வாங்கப் புறப்பட்டோம்.

எங்கள் நினைவில் இருந்த வண்டி ஒன்றுதான். முருகப்பா குழுமத்தினர் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரிலிருந்து தமிழகமெங்கும் அனுப்பிய கறுப்பு ஹெர்குலிஸ். ஏறக்குறைய இருபது கிலோ எடை. நிமிர்ந்து உட்காரும் இருக்கை. அரிசி மூட்டையையும் அக்கா தங்கையையும் சுமந்த கேரியர். கடையிலோ வரிசை வரிசையாக மெலிந்த வண்டிகள் தொங்கின. ‘பைக்’ என்றால் மோட்டார் வண்டி என்று பழகிய எங்களிடம், “ரோட் பைக்கா சார், ஹைப்ரிடா, எம்.டி.பி.யா?” என்று கடை இளைஞர் கேட்டார்.

ரோட் பைக் என்பது தார்ச்சாலையில் விரைந்து செல்வதற்கான வண்டி. கைப்பிடி ஆட்டுக் கொம்புபோல் கீழே வளைந்திருக்கும். எம்.டி.பி. என்பது மலைப்பாதைக்கானது, பட்டையான டயரும் அதிர்வு தாங்கியும் கொண்டது. ஹைப்ரிட் இரண்டுக்கும் இடைப்பட்டது. நேரான கைப்பிடி, நடுத்தர அகலமுள்ள டயர்.

எங்களில் ஒருவர் பந்தய வீரர்கள் ஓட்டும் வகையிலேயே ஒன்றை வாங்கினார். அவர் யாரென்று வெளியிடாதிருக்க மற்ற இருவரும் இசைந்துள்ளோம். இருக்கையைவிடக் கைப்பிடி மிகத் தாழ்ந்திருந்த வண்டி அது. முதல் வாரம் பெருமிதம். இரண்டாம் வாரம் கழுத்திலும் இடுப்பிலும் வலி. மூன்றாம் வாரம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டருகே ஓடும் நரம்பை அழுத்தியதே காரணம். நோயாளி ஒருவர் இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்திருப்போம். நான்காம் வாரத்திலிருந்து அந்த வண்டி மாடி வராந்தாவில் துண்டு உலர்த்தப் பயன்பட்டது.

வண்டி நல்ல வண்டிதான். இருபது வயதில் இருந்த முதுகை மனத்தில் வைத்து வாங்கியதில்தான் பிழை நேர்ந்தது.

வாங்குமுன் உடலைப் பாருங்கள்

மிதிவண்டிக்குத் திரும்ப விரும்பும் நம் வாசகர்கள் கடைக்குச் செல்லுமுன் தங்கள் மருத்துவரிடம் ஒருமுறை வருவது நல்லது. மாரடைப்போ ஸ்டென்ட்டோ அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள் இதயநோய் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். டிரெட்மில் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள், எந்த நேரத்தில் எவ்வளவு உண்டபின் ஓட்டலாம் என்று கேட்டறிய வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்க வேண்டும். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேளாமல் மூச்சுமுட்டும் உழைப்பில் இறங்கக் கூடாது. கால்கள் மரத்துப்போனவர்கள் செருப்புடன் மிதிக்காமல், விரல்களை முழுதும் மூடும் காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடியும் பேராபத்தாக முடியலாம். அவர்கள் சாலையில் இறங்குவதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வீட்டில் நிலையாக நிறுத்தி மிதிக்கும் சைக்கிள் அவர்களில் சிலருக்குப் பொருந்தும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் விழுந்தால் முறிவு ஏற்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மிதிவண்டி இதயத்துக்கும் தசைக்கும் நல்லது. எலும்பை வலுப்படுத்துவதில் அதன் பங்கு குறைவு. முடிந்த அளவு நடையும் உடன் இருக்க வேண்டும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

கடையில் நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் உங்கள் உடல் எங்கெங்கே வண்டியைத் தொடுகிறது என்று பாருங்கள். கை, இருக்கை, கால் என்று மூன்றே இடங்கள்.

கைப்பிடி இருக்கையின் உயரத்திலோ சற்று மேலோ இருக்கட்டும். கழுத்துத் தேய்மானமும் இடுப்பு வலியும் உள்ளவர்களுக்கு இது இன்றியமையாதது. குனிந்த நிலையில் சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். கழுத்துத் தசைகள் அதைத் தாங்கா. வளைந்த கைப்பிடிதான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், நெடுந்தூரப் பயணத்துக்கென்று கைப்பிடியை உயர்த்தி அமைத்த ரோட் பைக் வகையைக் கேட்டு வாங்கலாம். பந்தயத்துக்கானதும் இதுவும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இருக்கையின் உயரத்தை அறிய எளிய வழி உண்டு. மிதியைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இயல்பாகவே சற்று மடங்கியிருக்கும். அளவெடுக்க விரும்புபவர்கள் வெறுங்காலுடன் சுவரையொட்டி நின்று, கவட்டுக்கும் தரைக்கும் இடைப்பட்ட உயரத்தை 0.883 என்ற எண்ணால் பெருக்கலாம். 80 செ.மீ. எனில் விடை ஏறக்குறைய 70.6 செ.மீ. மிதிகளை இணைக்கும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய தொலைவு அது. கால் தரையில் படவேண்டும் என்ற அச்சத்தில் பலர் இருக்கையை மிகத் தாழ்த்தி விடுகிறார்கள். முதல் சில நாட்களுக்கு அது தவறில்லை. அப்படியே விட்டுவிட்டால் முழங்கால் சில்லின்மேல் அழுத்தம் கூடி வலி வரும். தொடையிடுக்கில் மரத்துப்போகும் உணர்வு தோன்றினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கையின் சாய்வையோ இருக்கையையோ மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 700 × 23, 700 × 32 என்பது போல் எழுதியிருக்கும். பின்னுள்ள எண், அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். 23 மி.மீ. டயர் பந்தயத் தடத்துக்கு ஏற்றது. தோண்டி மூடிய பள்ளங்களும் வேகத்தடைகளும் நிறைந்த நம் தெருக்களுக்கு 32 அல்லது அதற்கு மேற்பட்ட அகலமே முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது.

கியரைப் பொறுத்தவரை மிக இலகுவான கியர் எவ்வளவு இலகுவானது என்பதையே கேளுங்கள். முன் பல்சக்கரத்தின் சிறிய வட்டத்திலும் பின் பல்சக்கரத்தின் பெரிய வட்டத்திலும் பற்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருந்தால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றே சுழலும். நம் ஊர் சமதளம்தானே என்று எண்ண வேண்டாம். ஆடிக் காற்றில் காவிரிப் பாலத்தின் வழியாகத் திருவரங்கத்துக்கு மிதித்துச் சென்றவர்களுக்கு அந்தக் காற்றே ஒரு மலை என்பது தெரியும். கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதைவிட இலகுவான கியரில் நிமிடத்துக்கு எழுபது எண்பது சுற்று மிதிப்பது முழங்காலுக்கு நல்லது.

பிரேக்கை விரல்கள் எளிதில் எட்டுகின்றனவா என்று பாருங்கள். எந்தக் கைப் பிரேக் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பதைக் கடையிலேயே கேட்டறியுங்கள். நம் பழைய பழக்கத்துக்கு மாறாகப் பொருத்தப்பட்ட வண்டிகளும் வருகின்றன. காலணியை மிதியோடு பூட்டும் அமைப்பு இப்போது வேண்டாம்.

கார்பன் சட்டகத்தின் சிறப்பைக் கடைக்காரர் விளக்குவார். வண்டியின் எடையில் ஒன்றிரண்டு கிலோ குறைவதற்குக் கொடுக்கும் அந்தப் பணத்தில் நல்ல தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, பின்பார்வைக் கண்ணாடி, காற்றடிக்கும் பம்ப் யாவும் வாங்கி மீதியும் வைக்கலாம். கடைவாசலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிவு செய்யாமல் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். உறவினர் வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. வீட்டில் பழைய வண்டி துருப்பிடிக்காமல் இருந்தால், டயரும் பிரேக்கும் மாற்றி அதிலேயே தொடங்கலாம்.

வாங்கியபின் முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்புவதைவிட இந்த அளவுகோலை நம்பலாம். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே இறங்கி உட்கார்ந்து 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு

விழுந்துவிடுவார் என்ற அச்சம் பொருளற்றதன்று. நம் சாலைகளை நாங்களும் அறிவோம். விபத்தில் அடிபட்டு வருவோரையும் பார்க்கிறோம். எனினும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அது ஓசையில்லாமல் வருவதால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் 2,63,450 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளிவந்தது. மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களிடையே இறப்பு விகிதம், உடலுழைப்பின்றிப் பயணம் செய்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. மிதிவண்டி ஓட்டுபவர்கள் முன்னரே நலமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் முழுப் புகழையும் வண்டிக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு அன்று அது. ஆகவே ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன், எந்த வண்டி, எந்த நேரம், எந்தத் தெரு என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். இதயம், கண், பாதம் எல்லாவற்றையும் சோதித்து, மெதுவாகத் தொடங்கலாம் என்று சொன்னபோது, அவருடைய மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நானும் ஓட்டினவதான் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி, புதுக்கோட்டையில, அறிவொளியில கத்துக்கிட்டது” என்றார்.

1974 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது, குறுக்குக் கம்பி கொண்ட ஆண்கள் வண்டியையே அவர்கள் ஓட்டினார்கள். குழந்தையை முன்னால் உட்கார்த்திக்கொள்ள அந்தக் கம்பி உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்றைய பேச்சுகளையும் கேலிகளையும் பொருட்படுத்தாமல் ஓட்டிய அவர்களில் ஒருவர்தான், முப்பது ஆண்டுகளுக்குப் பின் எங்கள் முன் அமர்ந்து கணவரைத் தடுத்தவர். மருத்துவமனையில் கணவரின் படுக்கையருகே விழித்திருந்த இரவுகள் அவரை அப்படி ஆக்கியிருந்தன.

இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். பெரியவரின் கண் வளைந்த கைப்பிடியுள்ள வண்டியின்மேலேயே இருந்ததாம். அதன் குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்கிப்போட அவருடைய இடுப்பு இடந்தரவில்லை. முதியவர்கள் ஓடும்போது மட்டும் விழுவதில்லை; ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறி விழுவார்கள். ஆகவே குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியைப் பாருங்கள் என்று முன்னரே சொல்லியிருந்தோம். அது பெண்கள் வண்டி என்று அவர் தயங்கியபோது மனைவி சொன்னாராம்: “ஆம்பளை வண்டியில நாங்க போகலையா? நீங்க இதுல ஏறுங்க.”

இப்போது அவர் வாரத்தில் நான்கு நாள், விடியற்காலையில் உய்யக்கொண்டான் கரையோரம் அரைமணி நேரம் ஓட்டுகிறார். மாத்திரைகள் எவையும் நிற்கவில்லை. சர்க்கரை அளவு ஓரளவு இறங்கியிருக்கிறது. கூடிய எடையில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. முழங்கால் வலியைப் பற்றி நாங்கள் கேட்டபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

சென்ற முறை வந்தபோது மனைவியிடம், “நீங்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேட்டோம். பெரியவர் சிரித்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இருக்கையைத் தாங்கும் கம்பியில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. மேலே உள்ளது அவருடைய உயரம். கீழே உள்ளது அந்த அம்மாளுடையது.